சி-ல ஸ்ட்ரிங் நீளம் அளக்க எது சரி: ஸ்டர்லென், சைஸ்ஆஃப், ஸ்டர்-என்-லென், இல்ல நீளத்தைக் கூடவே வச்சுக்கிறதா?

"சைஸ்ஆஃப் போட்டா 8 வருது, ஸ்டர்லென் போட்டா 15 வருது, ஸ்கிரீன்ல பாத்தா மூணு எழுத்துதான் இருக்கு, எதை நம்புறது?" சி எழுதுறவங்க திரும்பத் திரும்ப கேக்குற கேள்வி இது. காலேஜ் பசங்கதான்னு இல்ல, எம்பெடட்லயும் பழைய சர்வர் கோடுலயும் பல வருஷமா வேலை பாக்குறவங்களும் இதுல மாட்டிக்கிறாங்க. மூணு நம்பரும் சரியான நம்பர்தாங்க, ஒவ்வொண்ணும் வேற வேற விஷயத்தை எண்ணியிருக்கு, அவ்வளவுதான். அதனால எது எதை எண்ணுது, எது எங்க காலை வாரும், எந்த எடத்துல எதை எடுக்கலாம்னு பாத்துடலாம்.

கட்டுரை முழுக்க ஒரே உதாரணத்தை வச்சுக்கலாம்: "மதுரை". யுடிஎஃப்-8ல (யுனிகோட் எழுத்தை பைட்டா எழுதி வைக்கிற முறை) இது மெமரியில எப்படி உக்காந்திருக்குன்னா, ம = 224 174 174, த = 224 174 164, உகரக் குறி = 224 175 129, ர = 224 174 176, ஐகாரக் குறி = 224 175 136, கடைசியா ஒரு 0. ஆக, அஞ்சு கோட்பாயின்ட் (யுனிகோட்ல ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் கொடுத்திருக்க எண்), ஒவ்வொண்ணுக்கும் மூணு பைட், மொத்தம் 15 பைட், அதுக்கு மேல முடிவைச் சொல்ற \0 ஒரு பைட். இதையே 64 பைட் கேரக்டர் அரேயில போட்டு வச்சா சைஸ்ஆஃப் 64 சொல்லும், அளவு சொல்லாம காலி பிராக்கெட் போட்டு டிக்ளேர் பண்ணா 16 சொல்லும், பாயின்டர்ல வச்சா 64-பிட் மெஷின்ல 8 சொல்லும், ஸ்டர்லென் 15 சொல்லும், கோட்பாயின்ட் எண்ணினா 5, நம்ம கண்ணுக்கு 3. ஒரே ஊர் பேருக்கு ஆறு நம்பர்.

## எதை வச்சு எடை போடப் போறோம்

முதல் கேள்வி, உங்களுக்கு வேண்டியது என்ன: \0 வரைக்கும் எத்தனை பைட்டா, பஃபர்ல (டேட்டாவுக்குன்னு ஒதுக்கி வச்ச மெமரி) மொத்தம் எவ்வளவு எடம்ங்கிறதா, இல்ல மனுஷன் பாக்குற எழுத்து எத்தனைங்கிறதா? மெமரி ஒதுக்கவும் காப்பி பண்ணவும் பைட் வேணும், ஓவர்ஃப்ளோ ஆகாம தடுக்க எடம் தெரியணும், ஸ்கிரீன்ல காட்ட எழுத்து வேணும். இதைக் குழப்பிக்கிட்டாலே பாதி பக் வந்துடும்.

ரெண்டாவது, \0 இல்லாம போனா என்ன ஆகும்? உங்க கோடுல நீங்களே உருவாக்கின ஸ்ட்ரிங்னா \0 இருக்கும்னு நம்பலாம். நெட்வொர்க்ல இருந்து, ஃபைல்ல இருந்து, சென்சார்ல இருந்து வந்ததுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

மூணாவது செலவு, ஒரு தடவை அளக்க எவ்வளவு ஆகும், எத்தனை தடவை அளக்கப் போறீங்க. நாலாவது, டேட்டாவுக்கு நடுவுலயே \0 வர வாய்ப்பு இருக்கா. அஞ்சாவது, நீங்க கம்பைல் பண்ற எடத்துல அந்த ஃபங்ஷன் கிடைக்குமா.

இந்தத் தொல்லை எல்லாம் எங்க இருந்து வந்துச்சுன்னா, சி-க்கு முன்னாடி இருந்த பிசிபிஎல் மொழியில ஸ்ட்ரிங்கோட நீளத்தை முன்னாடியே ஒரு சின்ன எடத்துல எழுதி வச்சாங்க, அதனால நீளத்துக்கே ஒரு உச்சவரம்பு வந்துடுச்சு. அந்த வரம்பு வேண்டாம்னும், கவுன்ட்டை சுமந்துக்கிட்டு திரியிறதை விட முடிவுக்கு ஒரு அடையாளம் வைக்கிறது வசதின்னும் நினைச்சுதான் முடிவுக் குறி வழிக்குப் போனதா சி-யை உருவாக்கின டென்னிஸ் ரிச்சியே 1993ல எழுதியிருக்காரு. 1970கள்ல இருந்த மெஷினுக்கு அது நியாயமான முடிவுதான், அதுக்கான பில்லைத்தான் நாம இன்னும் கட்டிக்கிட்டு இருக்கோம்.

## ஸ்டர்லென்

முதல் பைட்ல ஆரம்பிச்சு \0 வர்ற வரைக்கும் நடந்து, வழியில பாத்த பைட்டை எல்லாம் எண்ணிச் சொல்லும், \0வை சேக்காது. "மதுரை"க்கு 15. எல்லா கம்பைலர்லயும் இருக்கு, வேகமும் நல்லா இருக்கும், ஏன்னா ஜிலிப்சி (லினக்ஸ்ல பரவலா இருக்க சி லைப்ரரி) மாதிரி லைப்ரரிகள் ஒவ்வொரு பைட்டா பாக்காம ஒரே மூச்சுல 16, 32 பைட்டா பாக்குற மாதிரி எழுதி வச்சிருக்காங்க. கையால ஒரு வைல் லூப் எழுதி இதை ஜெயிக்கலாம்னு பாக்காதீங்க. நேரடியா ஒரு லிட்டரலுக்கு (கோடுலயே மேற்கோளுக்குள்ள எழுதின ஸ்ட்ரிங்) ஸ்டர்லென் போட்டா, ஆப்டிமைசேஷன் ஆன்ல இருந்தா கம்பைலரே நம்பரைப் போட்டுடும், ரன் டைம்ல கூப்பிடவே கூப்பிடாது.

மறைஞ்சிருக்க செலவு இங்கதான் ஜாஸ்தி. முதல்ல லூப். ஃபார் லூப்போட கண்டிஷன்லயே ஸ்டர்லென்னைப் போட்டா ஒவ்வொரு சுத்துக்கும் முழு ஸ்ட்ரிங்கையும் திரும்ப நடக்கும். "கம்பைலர் அதை வெளிய தூக்கிடும்ல"ன்னு கேப்பீங்க, தூக்கும், ஆனா லூப்புக்குள்ள அந்த ஸ்ட்ரிங் மாறலன்னு கம்பைலரால நிரூபிக்க முடிஞ்சாதான், நீங்க உள்ள ஒரு எழுத்தை பெரிய எழுத்தா மாத்தி எழுதுறீங்கன்னா அதோட அந்த நிரூபணம் போச்சு, ஆயிரம் பைட் ஸ்ட்ரிங்குக்கு பத்து லட்சம் பைட் படிக்கிற வேலை ஆயிடும். ஒரு ஸ்ட்ரிங் பின்னாடி இன்னொண்ணை ஒட்டுற ஸ்டர்கேட்டை லூப்ல போட்டு நீளமான ஸ்ட்ரிங் கட்டுறதும் இதே வியாதிதான், ஒவ்வொரு தடவையும் முடிவைத் தேடி முதல்ல இருந்து நடக்கும்.

இதுக்கு ஊரறிஞ்ச கேஸ் ஒண்ணு இருக்கு. ஜிடிஏ ஆன்லைன் கேம் லோட் ஆக பல நிமிஷம் எடுக்கும்னு வருஷக்கணக்கா புலம்பிக்கிட்டு இருந்தாங்க. 2021 தொடக்கத்துல வெளிய இருந்த ஒரு புரோகிராமர் உள்ள எட்டிப் பாத்தா, கிட்டத்தட்ட 10 எம்பி ஜேசன் ஃபைலை, 63 ஆயிரம் ஐட்டம் உள்ளதை, எஸ்ஸ்கேன்எஃப் (ஸ்ட்ரிங்ல இருந்து நம்பர் மாதிரி மதிப்பைப் படிக்கிற ஃபங்ஷன்) வச்சு துண்டு துண்டா படிச்சிருக்காங்க. எஸ்ஸ்கேன்எஃப் ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் உள்ளுக்குள்ள ஸ்டர்லென் போட்டு மிச்சமிருக்க முழு 10 எம்பியையும் அளக்குது. ஒரு குட்டி நம்பரைப் படிக்க பத்து எம்பி நடை! அது கூட, டூப்ளிகேட் இருக்கான்னு பாக்குற லிஸ்ட்லயும் இதே மாதிரி ஒரு மெதுவான தேடல். ரெண்டையும் சரி பண்ணதும் லோட் நேரம் சுமார் 70 சதவீதம் குறைஞ்சுது, கேமோட கம்பெனி ராக்ஸ்டார் அதை ஒத்துக்கிட்டு அப்டேட் விட்டு அவருக்கு 10,000 டாலர் கொடுத்தாங்க. இதுல கவனிக்க வேண்டியது, அந்த கோடை எழுதினவங்க ஸ்டர்லென்னை எங்கயும் கூப்பிட்டிருக்க மாட்டாங்க, அது லைப்ரரிக்குள்ள ஒளிஞ்சிருந்துச்சு.

ரெண்டாவது, ரிட்டர்ன் டைப். ஸ்டர்லென் திருப்பித் தர்ற சைஸ்-டி-ங்கிறது அன்சைன்ட். ரெண்டு ஸ்ட்ரிங்கோட நீளத்தைக் கழிச்சு பூஜ்யத்துக்கு மேலயான்னு பாத்தீங்கன்னா நீளம் வேற வேறயா இருந்தா எப்பவுமே "ஆமா"தான் வரும், நெகட்டிவ்னு ஒண்ணு அங்க கிடையாது. காலி ஸ்ட்ரிங்குக்கு ஸ்டர்லென் கழித்தல் 1 போட்டா 64-பிட்ல 18446744073709551615 வரும், அதை லூப்போட எல்லையா வச்சா எங்க போய் நிக்கும்னு சொல்ல முடியாது. கழிக்காதீங்க, மறுபக்கம் கூட்டுங்க: "ஐ கூட்டல் 1, நீளத்தை விடச் சின்னதா"ன்னு கேளுங்க.

மூணாவது, மெமரி ஒதுக்குற மால்லாக். ஸ்டர்லென் கூட்டல் 1 போடணும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அவசரத்துல அந்த கூட்டல் 1 பிராக்கெட்டுக்கு உள்ள போயிடும், அப்ப ரெண்டாவது எழுத்துல இருந்து எண்ணி தேவையை விட ரெண்டு பைட் கம்மியா ஒதுக்கிடும், கம்பைலும் ஆகும், டெஸ்ட்லயும் பெரும்பாலும் பாஸ் ஆகும், புரொடக்ஷன்ல என்னைக்கோ ஒரு நாள் ஹீப்பை (மால்லாக் எடம் எடுக்குற மெமரி) நாசம் பண்ணும். காப்பிதான் வேணும்னா, எடம் ஒதுக்கி காப்பியும் பண்ணிக் கொடுக்குற ஸ்டர்டப் போட்டுட்டுப் போங்க, சி23ல அது ஸ்டாண்டர்டுக்குள்ளயே வந்துடுச்சு.

\0 இல்லன்னா ஸ்டர்லென் பக்கத்து மெமரிக்குள்ள நடந்துக்கிட்டே இருக்கும். நல் பாயின்டர் கொடுத்தா பெரும்பாலும் அங்கயே விழுந்துடும்.

எப்ப இதை எடுக்கலாம்: \0 நிச்சயமா இருக்குன்னு தெரியும், ஒரு தடவை அளந்தா போதும், வந்த நம்பரை வேரியபிள்ல வச்சு அதையே கடைசி வரைக்கும் ஓட்டப் போறீங்க. கமாண்ட் லைன் ஆர்க்யுமென்ட், என்விரான்மென்ட் வேரியபிள், உங்க கோடே கட்டின ஸ்ட்ரிங், இதுக்கெல்லாம் தாராளமா போடலாம்.

## சைஸ்ஆஃப்

இது ஃபங்ஷனே கிடையாது, ஆபரேட்டர். சாதாரண அரேவுக்கு கம்பைல் ஆகும்போதே நம்பர் முடிவாயிடும், ரன் டைம்ல ஒரு பைசா செலவில்லை. இது சொல்றது அந்த ஆப்ஜெக்ட்டுக்கு ஒதுக்கின எடம். உள்ள என்ன இருக்குன்னு எட்டிக்கூட பாக்காது, அதனால 64 பைட் அரே காலியா இருந்தாலும் 64தான்.

மறைஞ்சிருக்க ஆபத்து ஒண்ணே ஒண்ணு, ஆனா பெருசு. அரேவை ஃபங்ஷனுக்கு அனுப்பின உடனே அது பாயின்டர் ஆயிடும். பாராமீட்டர்ல 64னு பிராக்கெட் போட்டு எழுதியிருந்தாலும் சரி, கம்பைலர் அந்த 64ஐ கண்டுக்காது, உள்ள சைஸ்ஆஃப் போட்டா 8 வரும். 32-பிட் மைக்ரோகன்ட்ரோலர்ல 4. இதுல ரொம்ப மோசமான விஷயம் என்னன்னா, டெஸ்ட் பண்ற ஸ்ட்ரிங் ஏழு எழுத்துக்குள்ள இருந்தா 8ங்கிறது பொருத்தமான நம்பர் மாதிரியே தெரியும், எல்லாம் ஓடும். ஜிசிசியும் கிளாங்கும் இதுக்கு வார்னிங் கொடுக்குது, அந்த வார்னிங்கை மூடி வச்சுட்டு வேலை பாக்குற புராஜெக்ட்லதான் இது வருஷக்கணக்கா உயிரோட இருக்கும். லினக்ஸ் கெர்னல்ல அரே சைஸ் எடுக்குற மேக்ரோவை பாத்தீங்கன்னா, பாயின்டரைக் கொடுத்தா கம்பைலே ஆகாத மாதிரி எழுதியிருக்காங்க, உங்க புராஜெக்ட்லயும் அப்படி ஒண்ணு வச்சுக்கிறது நல்லது.

இன்னொண்ணு, லிட்டரலுக்கு சைஸ்ஆஃப் போட்டா \0வையும் சேத்துச் சொல்லும், அதனால எழுத்து மட்டும் வேணும்னா 1 கழிக்கணும். லிட்டரலுக்கு நடுவுல \0 வச்சிருந்தா ஸ்டர்லென் முதல் \0லயே நின்னுடும், சைஸ்ஆஃப் முழுசா எண்ணும், பைனரி ப்ரோட்டோகால் ஹெட்டரை லிட்டரலா எழுதுறவங்களுக்கு இது வசதி.

எப்ப இதை எடுக்கலாம்: அரே டிக்ளேர் பண்ண அதே ஸ்கோப்ல, எஃப்கெட்ஸுக்கோ (ஒரு லைனைப் படிக்கிறது) எஸ்என்-பிரிண்ட்எஃப்புக்கோ (பஃபருக்குள்ள ஃபார்மேட் பண்ணி எழுதுறது) "இவ்வளவு எடம் இருக்கு"ன்னு சொல்லும்போது. அங்க 64னு கையால டைப் பண்ணாதீங்க, நாளைக்கு அரேவை 32 ஆக்கினா அந்த 64 அப்படியே நிக்கும். மத்தபடி ஸ்ட்ரிங் நீளம் அளக்க இதைத் தொடவே வேண்டாம்.

## ஸ்டர்-என்-லென், மெம்-சிஎச்ஆர்

ஸ்டர்-என்-லென்னும் ஸ்டர்லென் மாதிரியேதான், ஆனா "இவ்வளவு பைட்டுக்கு மேல போகாதே"ன்னு ஒரு எல்லை கொடுக்கலாம். எல்லைக்குள்ள \0 கிடைச்சா நீளத்தைச் சொல்லும், கிடைக்கலன்னா எல்லை நம்பரையே திருப்பிக் கொடுக்கும். யுனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான ஸ்டாண்டர்டான போசிக்ஸ்ல 2008ல இருந்து இருக்கு, லினக்ஸ், மேக், பிஎஸ்டி எல்லாத்துலயும் கிடைக்கும், மைக்ரோசாஃப்ட் கம்பைலர்லயும் இருக்கு. ஆனா சி23 வரைக்கும் சி ஸ்டாண்டர்டுல இல்ல. சி11ல அனெக்ஸ் கே-ன்னு ஒரு பகுதியில ஸ்டர்-என்-லென்-எஸ்னு ஒண்ணு வந்துச்சு, நல் பாயின்டர் கொடுத்தா 0 சொல்லும், ஆனா அந்த அனெக்ஸ் விருப்பப்பட்டா போடலாம்ங்கிற ரகம், ஜிலிப்சி அதைப் போடவே இல்ல, அதை நம்பி எல்லா பிளாட்ஃபார்முக்கும் கோடு எழுத முடியாது. எந்த கம்பைலர்லயும் ஓடணும்னா மெம்-சிஎச்ஆர் வச்சு எல்லைக்குள்ள 0வைத் தேடுங்க, நல் வந்தா \0 இல்ல, வேற எதாவது வந்தா அதுல இருந்து ஆரம்பத்தைக் கழிச்சா நீளம், இது சி89ல இருந்தே இருக்கு.

இது உண்மையிலேயே தேவைப்படுற எடம் ஒண்ணை கிட்டத்துல பாக்கலாம். டார் ஃபைலோட (பல ஃபைலை ஒண்ணா கட்டி வைக்கிற ஃபார்மேட்) ஹெட்டர்ல ஃபைல் பேருக்கு 100 பைட் ஒதுக்கியிருக்கும். பேர் சின்னதா இருந்தா மிச்சம் \0வால நிரம்பியிருக்கும், சரியா 100 பைட் வந்துடுச்சுன்னா \0வே இருக்காது, ஃபார்மேட்டே அப்படித்தான். அங்க ஸ்டர்லென் போட்டா அடுத்த ஃபீல்டுல இருக்க பர்மிஷன் நம்பரையும் சேத்து எண்ணிடும். எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணிட்டேன்னு நினைப்பீங்க, 100 பைட் பேர் உள்ள ஃபைல் யார்கிட்டயும் சாதாரணமா இருக்காது, அதனால மாட்டாது. ஸ்டர்-என்-லென்னுக்கு 100 கொடுத்துட்டா விஷயம் முடிஞ்சுது. ஸ்டர்-என்-காப்பியும் இந்த மாதிரி நிலையான அளவு ஃபீல்டுக்காக வந்ததுதான், பழைய யுனிக்ஸ் டைரக்டரியில ஃபைல் பேருக்கு 14 பைட். அதனாலதான் சோர்ஸ் நீளமா இருந்தா அது \0 போடாது, அதுக்கப்புறம் நீங்க ஸ்டர்லென் கூப்பிட்டா தப்பு உங்க பக்கம்.

மறைஞ்சிருக்க செலவு: எல்லை நம்பர் வந்தா "\0 கிடைக்கல"ன்னு புரிஞ்சுக்கிட்டு தனியா கையாளணும், நிறைய பேர் அந்த செக்கைப் போடாம வந்த நம்பரை நீளம்னு வச்சுக்கிட்டு, பின்னாடி \0 எதிர்பாக்குற ஃபங்ஷனுக்கு அனுப்பிடுறாங்க. இன்னொண்ணு, எல்லையா நீங்க கொடுக்குற நம்பர் நிஜமான எடமா இருக்கணும். சும்மா பெருசா 4096னு போட்டா பாதுகாப்பு வந்த மாதிரி ஒரு உணர்வுதான் வரும்.

எப்ப இதை எடுக்கலாம்: வெளியில இருந்து வந்த, \0 இருக்கலாம் இல்லாமலும் இருக்கலாம்ங்கிற பஃபர் எல்லாத்துக்கும்.

## நீளத்தைக் கூடவே வச்சுக்கிறது

என் ஓட்டு இதுக்குத்தான். பாயின்டரும் நீளமும் சேந்த ஒரு ஸ்ட்ரக்ட், அளக்கிற வேலை ஒரே ஒரு தடவை, அதுக்கப்புறம் கேட்ட உடனே பதில். ரெடிஸ் டேட்டாபேஸ் இதைத்தான் எஸ்டிஎஸ்னு வச்சிருக்கு, அங்க நீளம் ஸ்ட்ரிங்குக்கு முன்னாடி ஒரு ஹெட்டர்ல இருக்கும், கடைசியில \0வும் போட்டு வச்சிருப்பாங்க, அதனால சாதாரண சி ஃபங்ஷனுக்கும் அனுப்பலாம். கிட்-ல ஸ்டர்பஃப், எஞ்சின்எக்ஸ் வெப் சர்வர்ல தனி ஸ்ட்ரிங் டைப், ஜிலிப்ல (ஜிலிப்சி இல்ல, இது வேற லைப்ரரி) ஜிஸ்ட்ரிங். பெரிய சி புராஜெக்ட் எதை எடுத்தாலும் ஒரு கட்டத்துல இங்கதான் வந்து சேந்திருக்கு.

புதுசா எதையும் கண்டுபிடிக்கவும் வேண்டியதில்ல, சி-ல பல ஃபங்ஷன் ஏற்கனவே நீளத்தைக் கையில கொடுக்குது, நாமதான் தூக்கிப் போட்டுடுறோம். ஃபைல்லயும் நெட்வொர்க்லயும் இருந்து படிக்கிற ரீடும் ரிசீவும் எத்தனை பைட் வந்துச்சுன்னு சொல்லும், \0 போடாது, அந்த நம்பரை விட்டுட்டு ஸ்டர்லென் போடுறது ரெண்டு வகையில தப்பு. கெட்லைன் நீளத்தைத் திருப்பித் தரும். எஸ்என்-பிரிண்ட்எஃப் மொத்தம் எத்தனை பைட் தேவைப்பட்டுச்சுன்னு சொல்லும், அதுக்கு நல் பாயின்டரும் 0ம் கொடுத்தா எழுதாம அளவு மட்டும் சொல்லும், சி99ல இருந்து இருக்கு, ஃபார்மேட் பண்ண ஸ்ட்ரிங்கோட நீளத்தை முன்கூட்டியே தெரிஞ்சுக்க இதை விட நல்ல வழி இல்ல. வந்த நம்பர் பஃபர் சைஸுக்கு சமமோ மேலயோ இருந்தா வெட்டுப்பட்டுடுச்சுன்னு அர்த்தம், நெகட்டிவ்னா எரர். ஸ்ட்ரிங்கை ஒட்டிக்கிட்டே போகணும்னா எஸ்டிபி-காப்பி முடிவோட பாயின்டரைத் தரும், அங்க இருந்தே அடுத்ததை ஒட்டலாம்.

எஃப்கெட்ஸ் மட்டும் நீளம் சொல்லாது, நியூலைனையும் உள்ள விட்டு வைக்கும். ஸ்டர்லென் போட்டு கடைசி எழுத்தைத் தட்டுற பழக்கம் நிறைய எடத்துல இருக்கு, லைன் முதல் பைட்லயே \0 வந்தா நீளம் 0, அதுக்கு முன்னாடி பைட்ல எழுதப் போயிடும். ஸ்டர்-சிஸ்பேன் (குறிப்பிட்ட எழுத்து வர்ற வரைக்கும் எத்தனை பைட்னு சொல்றது) வச்சு நியூலைன் இருக்க எடத்தைக் கண்டுபிடிச்சு அங்க \0 போடுங்க, நீளமும் அதுலயே கிடைச்சுடும்.

செலவு இல்லாம இல்ல. ஸ்ட்ரிங்கை மாத்தும்போதெல்லாம் நீளத்தையும் மாத்தணும், யாராவது ஒருத்தர் நடுவுல நேரடியா பாயின்டர்ல கை வச்சா ரெண்டும் பொருந்தாம போயிடும். டீம்ல எல்லாரும் ஒரே ஃபங்ஷன் வழியா மாத்தணும்னு கட்டாயம் வேணும். சின்ன மைக்ரோகன்ட்ரோலர்ல நூத்துக்கணக்கான ஸ்ட்ரிங்குக்கு ஒவ்வொண்ணுக்கும் கூடுதலா சில பைட்டும் போகும்.

இதை விட முக்கியமான எச்சரிக்கை: நீளத்தை யார் சொன்னாங்க? 2014 ஏப்ரல்ல வெளிய வந்த ஹார்ட்பிளீட்ங்கிற பாதுகாப்பு ஓட்டை நினைவிருக்கும். நெட் தொடர்பை என்கிரிப்ட் பண்ற ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியில எதிர்ல இருக்கவர் "நான் அனுப்புறது இவ்வளவு நீளம்"னு சொல்ற நம்பரை, நிஜமா வந்த பாக்கெட் அளவோட ஒப்பிடாம நம்பிட்டாங்க, ஒரு தடவைக்கு 64 கேபி வரைக்கும் சர்வர் மெமரி வெளிய போச்சு. கூட வச்சுக்கிற நீளம் நீங்க அளந்ததா இருக்கணும், இல்ல நீங்க சரிபாத்ததா இருக்கணும்.

நீளத்தை ஒரு பக்கம் நம்பராவும் இன்னொரு பக்கம் \0வாவும் பாத்தா வர்ற சிக்கலுக்கும் பெரிய உதாரணம் உண்டு. எஸ்எஸ்எல் சர்ட்டிஃபிகேட்ல (ஒரு சைட் நிஜமானதுதான்னு பிரவுசருக்குக் காட்டுற சான்றிதழ்) பேர் எல்லாம் நீளத்தோட எழுதப்படுது, நடுவுல \0 வரலாம். 2009 பிளாக் ஹேட் பாதுகாப்பு மாநாட்டுல மாக்ஸி மார்லின்ஸ்பைக்ங்கிற பாதுகாப்பு ஆய்வாளர் காட்டினது இதுதான்: வங்கி சைட் பேர், அப்புறம் ஒரு \0, அப்புறம் தன்னோட டொமைன். சர்ட்டிஃபிகேட் கொடுக்குறவங்க கடைசியில இருக்க டொமைனைப் பாத்து கொடுத்துடுவாங்க, பிரவுசர் சி ஸ்ட்ரிங்கா படிச்சு \0லயே நின்னு வங்கி சைட்டுன்னு நம்பிடும். நீளமும் கையில இருக்கு, \0 எதிர்பாக்குற ஃபங்ஷனுக்கும் அனுப்பப் போறீங்கன்னா, அந்த எல்லையில மெம்-சிஎச்ஆர் போட்டு நடுவுல \0 இருக்கான்னு பாத்து, இருந்தா நிராகரிச்சுடுங்க.

## கோட்பாயின்ட், எழுத்து

தமிழ்ல ஆப் பண்றவங்க இங்க நின்னு நிதானமா படிங்க. கோட்பாயின்ட் எண்ணுறது சுலபம், யுடிஎஃப்-8ல 128ல இருந்து 191 வரைக்கும் இருக்க பைட் எல்லாம் தொடர்ச்சி பைட், அதை விட்டுட்டு மிச்சத்தை எண்ணினா போதும், "மதுரை"க்கு 5. இதுக்கே எம்பிஎஸ்-டு-டபிள்யூசிஎஸ்னு (பைட்டை வைட் கேரக்டரா மாத்துற ஃபங்ஷன்) ஸ்டாண்டர்ட் வழியும் இருக்கு, ஆனா முன்னாடியே செட்லொகேல் கூப்பிட்டு யுடிஎஃப்-8 லொகேல் (மொழி, எழுத்து முறைக்கான செட்டிங்) போட்டிருக்கணும், தப்பான பைட் இருந்தா கழித்தல் 1 வரும், அதை சைஸ்-டி-ல வாங்கினா ராட்சச நம்பரா தெரியும். விண்டோஸ்ல வைட் கேரக்டர் 16 பிட், லினக்ஸ்ல 32, அதனால எமோஜி வந்தா ரெண்டு எடத்துலயும் ஒரே எண்ணிக்கை வராது.

ஆனா அஞ்சுங்கிற நம்பரை வச்சு யூசர்கிட்ட என்ன சொல்ல முடியும்? அவங்களுக்கு ம, து, ரை. "வணக்கம்" எடுத்துக்கங்க, 21 பைட், 7 கோட்பாயின்ட், 5 எழுத்து. இன்னும் ஒரு படி மேல, "கொ"ங்கிறதை ரெண்டு விதமா சேமிக்கலாம், ஒகரக் குறியை ஒரே கோட்பாயின்ட்டா வச்சா மொத்தம் 6 பைட், எகரக் குறியும் கால் குறியும் தனித்தனியா வச்சா 9 பைட். ஸ்கிரீன்ல ஒரே மாதிரி, ஸ்டர்லென்ல வேற வேற, ரெண்டு ஸ்ட்ரிங்கை ஒப்பிடுற ஸ்டர்காம்ப்ல "வேற ஸ்ட்ரிங்". எண்ணுறதுக்கு முன்னாடி என்எஃப்சி நார்மலைசேஷன் (ஒரே எழுத்தை ஒரே வடிவத்துக்குக் கொண்டு வர்ற யுனிகோட் முறை) பண்ணிட்டா ரெண்டும் ஒண்ணாயிடும்.

எழுத்து எண்ண ஐசியு, லிப்-யுனிஸ்ட்ரிங், யுடிஎஃப்8-ப்ராக் மாதிரி லைப்ரரி இருக்கு, கிரஃபீம் கிளஸ்டர் (கண்ணுக்கு ஒரே எழுத்தா தெரியிற கோட்பாயின்ட் கூட்டம்) எல்லையைச் சொல்லும். ஐசியு பெருசு, யுடிஎஃப்8-ப்ராக் சின்னது. யூசருக்கு "20 எழுத்துக்குள்ள பேர் போடுங்க"ன்னு காட்டுறது, கர்சர் நகத்துறது, பேக்ஸ்பேஸ், இதுக்கெல்லாம் இதுதான். மெமரி ஒதுக்க இதைப் பயன்படுத்தினா கண்டிப்பா ஓவர்ஃப்ளோ.

பிரிண்ட்எஃப்ல அகலம் கொடுக்குறதும் பைட் கணக்குதான், அதனால தமிழ்ப் பேரை வச்சு டேபிள் மாதிரி பிரிண்ட் பண்ணா வரிசை கோணலா போகும். எஸ்எம்எஸ் வேற கணக்கு, தமிழ் மெசேஜ் ஒண்ணுக்கு 70 யூனிட்னு எல்லை, யூனிட்ங்கிறது 16 பிட், "மதுரை"க்கு 5 யூனிட் போகும், ஸ்டர்லென் சொல்ற 15ஐ அங்க கொண்டு போய் வச்சீங்கன்னா மூணுல ஒரு பங்கு மெசேஜ்லயே "நீளம் தாண்டிடுச்சு"ன்னு சொல்லிடும்.

## எல்லாத்தையும் பக்கத்துல வச்சா

| வழி | எதை எண்ணுது | 64 பைட் அரேயில "மதுரை" | \0 இல்லன்னா | ஒரு தடவை செலவு | நடுவுல \0 வந்தா |
|---|---|---|---|---|---|
| ஸ்டர்லென் | \0 வரைக்கும் பைட் | 15 | எல்லை தாண்டி ஓடும் | நீளத்துக்கு ஏத்தபடி | அங்கயே நிக்கும் |
| சைஸ்ஆஃப், அரேவுக்கு | ஒதுக்கின எடம் | 64 | பாதிப்பில்ல | ஒண்ணுமில்ல | பாதிப்பில்ல |
| சைஸ்ஆஃப், பாயின்டருக்கு | பாயின்டர் அளவு | 8 | அர்த்தமில்ல | ஒண்ணுமில்ல | அர்த்தமில்ல |
| ஸ்டர்-என்-லென் | எல்லைக்குள்ள பைட் | 15 | எல்லையில நிக்கும் | நீளத்துக்கு ஏத்தபடி | அங்கயே நிக்கும் |
| கூடவே நீளம் | நீங்க பதிஞ்ச பைட் | 15 | பாதிப்பில்ல | ஒரு ரீட்தான் | பாதிப்பில்ல |
| கோட்பாயின்ட் | யுனிகோட் எண் | 5 | எப்படி எழுதுறீங்கன்னு பொறுத்து | நீளத்துக்கு ஏத்தபடி | எப்படி எழுதுறீங்கன்னு பொறுத்து |
| கிரஃபீம் லைப்ரரி | கண்ணுக்குத் தெரியிற எழுத்து | 3 | நீளம் கொடுத்தா சரி | எல்லாத்தையும் விட ஜாஸ்தி | நீளம் கொடுத்தா சரி |

புதுசா கோடு எழுதுறீங்கன்னா உள்ள வர்ற எடத்துலயே அளந்து, நீளத்தைக் கூடவே வச்சு ஓட்டுங்க. பழைய கோடை மெயின்டெயின் பண்றீங்க, எல்லாத்தையும் மாத்த நேரமில்லன்னா முதல்ல பாக்க வேண்டியது வெளி டேட்டா மேல விழுற ஸ்டர்லென், அதை ஸ்டர்-என்-லென் ஆக்குங்க, அடுத்து லூப் கண்டிஷன்ல இருக்கது. டெஸ்ட் பில்டுல அட்ரஸ் சானிட்டைசரை (மெமரி தப்பைக் கண்டுபிடிக்கிற கம்பைலர் வசதி) ஆன் பண்ணி ஓட்டினா \0 இல்லாத பஃபர் மேல ஸ்டர்லென் ஓடுற எடத்தைக் கையும் களவுமா பிடிச்சுக் கொடுக்கும்.

கடைசியா, சின்ன பஃபருக்குள்ள தமிழை வெட்டி வைக்கிறது, எம்பெடட்ல எல்சிடி, பில்லிங் பிரிண்டர் வச்சிருக்கவங்களுக்கு. "மதுரை"யை 8 பைட் பஃபர்ல வைக்கணும், \0 போக 7 பைட். ஏழுல வெட்டினா உகரக் குறியோட முதல் பைட் மட்டும் அரைகுறையா நிக்கும், டிஸ்ப்ளேல கட்டம் வரும். தொடர்ச்சி பைட்டைப் பாத்து பின்னாடி வந்தா 6ல நிக்கும், யுடிஎஃப்-8 சரிதான், ஆனா இப்ப அது "மத", "து" போய் "த" ஆயிடுச்சு. அதனால வெட்டுற எடத்துக்கு அடுத்து வர்றது உயிர்க்குறியோ புள்ளியோன்னா, இன்னும் ஒரு கோட்பாயின்ட் பின்னாடி வரணும், ம-வோட நிக்கணும். லைப்ரரி வைக்க எடமில்லன்னா தமிழுக்கு மட்டும் இதைக் கையாலயே எழுதிடலாம்: 224 174க்கு அப்புறம் 190 அல்லது 191, 224 175க்கு அப்புறம் 128ல இருந்து 141 வரைக்கும், அது போக 151, இவ்வளவுதான் ஒட்டுக்குறிகள். இதை விட்டுட்டு மிச்ச கோட்பாயின்ட்டை எண்ணினா எழுத்து எண்ணிக்கையும் கிடைச்சுடும். க்ஷவும் ஸ்ரீயும் இந்தக் கணக்குல ரெண்டா வரும், லைப்ரரிகள்லயும் சாதாரணமா ரெண்டுதான் வரும், உங்க ஆப்ல அதை ஒண்ணா எண்ணணும்னா அந்த ரெண்டுக்கும் தனியா ஒரு செக் போட்டுக்கங்க.